மின்னஞ்சல் ஆசாரம்: மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா?

நெற்றியில் போடுகிற நாமத்திற்குப் பாதம் வைப்பதா வேண்டாமா என்பதற்காகவும், கோயிலில் எந்தப் பாட்டை யார் முதலில் பாடுவது என்பதற்காகவும் வடகலையாரும் தென்கலையாரும் காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாய்க் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய கதை நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்த வழக்குகளில் செலவான பணத்தைக் கொண்டு எத்தனை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தச் சிரிப்பில் கொஞ்சத்தை இப்போது நம் பக்கமே திருப்பிக்கொள்ள வேண்டியதாய் இருக்கிறது. ஏனெனில், சாஸ்திரம் புராணம் என்று யாராவது பேசினால் காத தூரம் ஓடுகிறவர்களும், எதற்கும் ஆதாரம் கேட்கிறவர்களும், கம்ப்யூட்டர் யந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர்களுமான நமது படித்த தோழர்களிடையே, ஒரு கடிதத்திற்கு எழுதும் பதிலை அக்கடிதத்திற்கு மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்பதைப் பற்றி இன்றும் ஓயாத தகராறு இருந்துவருகிறது.

விஷயம் அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். லினக்ஸ் போன்ற சுதந்திர மென்பொருள்களில் ஈடுபட்டவர்கள் தங்களுக்குள் ஒரு பொது விலாசத்தை ஏற்படுத்திக்கொண்டு, அதற்கு ஒருவர் எழுதும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போய்ச் சேரும்படி செய்து, ஒருவர் சந்தேகத்தை மற்றொருவர் கூலி கேளாமல் தீர்த்துவருவது வெகு காலமாய் நடந்துவரும் காரியமாகும். இதில் சென்னையின் தென்பகுதிக்குப் பங்கு அதிகம். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கடிதங்கள் பல வருஷ காலம் ஐ.ஐ.டி. வளாகத்து விண்வெளிப் பொறியியல் துறையின் யந்திரம் வழியாகவே போய்வந்தன. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் 2005-ல் சுதந்திர மென்பொருளுக்கென்று ஒரு தேசிய மையம் துவங்கிற்று. 2007-ல் 'பாஸ்' லினக்ஸ் என்பதை வெளியிட்ட சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னைக் கிளை தரமணியில் இருக்கிறது. தாம்பரம் சுற்று வட்டாரத்திலும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று உண்டு. தாம்பரம் 2019 வரை காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததாய் இருந்தது என்பதை நினைத்தால் அப்பெயர் விளங்கும். ஆகவே இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சண்டை அல்ல, நமது ஜி.எஸ்.டி. ரோட்டிலும் நடப்பதுதான்.

இப்படிப்பட்ட குழுக்களில் பொதுவாய்ச் சொல்லப்படும் விதிகளாவன: பிறர் கடிதத்திற்குப் பதில் எழுதும்போது, அவர் எழுதியதில் வேண்டிய வரிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டு, அந்தந்தக் கேள்வியின் கீழேயே பதிலை எழுத வேண்டும். ஹெச்.டி.எம்.எல். என்கிற அலங்கார முறையில், நிறமும் பருமனும் படமுமாய் எழுதாமல் வெறும் எழுத்தாய் எழுத வேண்டும். ஒரு வரி 72 எழுத்துக்கு மேற்படக் கூடாது. கையெழுத்துப் பகுதி நான்கு வரிக்குள் இருக்க வேண்டும். தலைப்பில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வேறு விஷயம் பேசுவதானால் பழைய கடிதத்திற்குப் பதில் எழுதுவது போல் எழுதாமல் புதுக் கடிதம் துவக்க வேண்டும்.

இவைகளையெல்லாம் யாரோ திமிர் பிடித்தவர்கள் உட்கார்ந்து நம்மை வதைப்பதற்காகவே எழுதி வைத்தார்கள் என்று சொல்லுவோர் இருக்கின்றனர். அது பொய். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சிலவற்றுக்கு இன்னமும் இருக்கிறது. 72 எழுத்துக் கதையையே பார்ப்போம். ஐ.பி.எம். கம்பெனியார் 1928-ல் கொண்டுவந்த துளைபோட்ட அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை போய்த் திரை வந்தபோதும் அந்த 80 போகவில்லை. 1978-ல் வந்து உலகெங்கும் பரவிய வி.டி.100 என்னும் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது சாதாரண வழக்கம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துக்காட்டும்போது வரிக்கு முன்னால் ஒரு கூர்முனைக் குறி சேரும். அதற்கு அடுத்தவர் எடுத்துக்காட்டினால் இன்னொரு குறி சேரும். இப்படி நாலைந்து பேர் கைமாறினாலும் வரி உடையாமலிருக்க எட்டு இடம் ஒதுக்கினார்கள், 72 ஆயிற்று. 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்னும் ஒழுங்குக் குறிப்பு இன்னும் குறைத்து 65 எழுத்துக்குள் வை என்றது. கையெழுத்து நான்கு வரி என்பதும் அதிலேதான் இருக்கிறது. அந்நாளில் தந்திக் கம்பியில் ஊர்ந்து வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு. நமது தேசத்தில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்டு 15-ல். அப்போது மலிவான கணக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது படமில்லாத வெறும் எழுத்துத் திரைதான். அவனுக்கு ஒருவர் வர்ணம் பூசிய கடிதம் அனுப்பினால், கடிதத்தைவிடக் குறிகளே அதிகமாய் வந்து கண்ணைக் குத்தும். வேண்டாமென்று சொன்னது நியாயமே.

லினக்ஸின் மூலக்கருவை ஆக்குவோரின் அஞ்சல் குழு இன்றும் ஹெச்.டி.எம்.எல். கடிதத்தைத் திருப்பியனுப்பி விடுகிறது. அதற்கும் காரணம் உண்டு. அங்கே கடிதத்தின் உடலிலேயே நிரலின் திருத்தம் வருகிறது. ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும், ஒரு வரி தானாக மடிந்தாலும் அத்திருத்தம் யந்திரத்தில் ஏறாது. கம்பாசிட்டர் ஒரு அச்செழுத்தைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்த நமக்கு இது புரியாததல்ல. புதுக் கடிதம் துவக்கு என்பதற்கும் காரணம் உண்டு: எந்தக் கடிதத்திற்குப் பதில் என்னும் குறிப்பு உள்ளே மறைந்திருக்கிறது, தலைப்பை மாற்றினாலும் அது மாறுவதில்லை. அப்படி எழுதினவன் கேள்வி வேறொருவருடைய பேச்சுக்குள் போய்ப் புதைந்துபோகும். வெட்டி எழுது என்பதற்கோ, இன்று முன்னைவிட அதிகமாகவே காரணம் இருக்கிறது. கண்ணில்லாத தோழர் ஒருவர் யந்திரம் வாசித்துக் காட்டக் கேட்டுக் கடிதம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிப் பதிலுக்காக, ஏற்கெனவே கேட்ட நூறு வரியை அவர் மறுபடியும் கேட்க வேண்டுமா? வெட்டாமல் நூறு வரியை அப்படியே வைத்து, அடியில் "ஆமாம்" என்று எழுதுகிறவர், கீழே எழுதும் விதியை அனுசரித்துவிட்டதாக வேறு பெருமைப்படுகிறார். மேலே எழுதினவனாவது அந்த ஆளுக்கு இந்தத் துன்பத்தைக் கொடுக்கவில்லை.

மேலே எழுதுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஆபீஸ் கடிதங்களிலிருந்து வந்தது. அங்கே பத்துப் பேர் எழுதி முடித்த பிறகு பதினொன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். அவருக்கு முழுச் சரித்திரமும் அடியில் இருக்க வேண்டும். புதுச் செய்தி மேலே இருந்தால் போதும். அவுட்லுக் முதல் ஜிமெயில் வரை அதற்கேற்றாற்போல்தான் செய்யப்பட்டிருக்கின்றன. பதில் எழுதும் பொத்தானை அமுக்கியவுடன் எழுதுகோல் மேலே போய் நிற்கிறது. பழைய கடிதம் மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளுகிறது. கைப்பேசியில் எழுதுகிறவனுக்கு அடியில் ஒன்று இருப்பதே தெரியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிமெயில் வெறும் எழுத்தாய் அனுப்பவும் வழி கொடுப்பதில்லை. கைப்பேசி தவிர வேறு கம்ப்யூட்டர் இல்லாதவனைப் பார்த்து, "ஹெச்.டி.எம்.எல்.லில் எழுதாதே" என்றால் அவன் என்ன செய்வான்? யந்திரம் செய்த குற்றத்திற்கு அவன் தண்டனை அனுபவிக்க வேண்டியதுதான் போலும்.

இனி, தமிழர் என்ற முறையில் நமக்குள்ள ஆக்ஷேபணைக்கு வருவோம். "வெறும் எழுத்து" என்று இத்தனை பேர் இவ்வளவு பயபக்தியோடு சொல்லுகிறார்களே, அது யாருடைய எழுத்து? 1982-ல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்னும் விதிப்படி மின்னஞ்சலில் செல்லக்கூடிய எழுத்து ஆஸ்கி மாத்திரமே. அதாவது இங்கிலீஷ் எழுத்தும், எண்ணும், சில குறிகளும். அதில் 'அ'வுக்கு இடமில்லை. 1992-ல் போரன்ஸ்டைன், ஃப்ரீட் ஆகிய இருவர் மைம் என்னும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பிற பாஷை எழுத்துக்கு மின்னஞ்சலில் ஒழுங்கான வழி பிறந்தது. அதன் பின்னும் பல வருஷம் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஊருக்கு ஒரு குறியீடு. அனுப்பினவனுக்குத் தமிழாயிருப்பது பெற்றவனுக்குச் சமக்குறியும் எண்ணுமாய் இருக்கும். அந்தத் தொல்லை தாளாமல்தான் டிஸ்கி என்றும், 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மகாநாட்டில் டாம், டாப் என்றும் குறியீடுகள் பிறந்தன. 2010-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடை அங்கீகரித்து உத்தரவிட்டது.

இப்போது அந்த 72-ஐத் தமிழுக்கு வைத்துப் பாருங்கள். "தாம்பரம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமது பள்ளிப்பிள்ளை ஐந்து என்பான். யூனிகோடு கணக்கில் காலும் புள்ளியும் தனித்தனியாதலால் எட்டு. யு.டி.எஃப்-8 முறையில் கம்பியில் போகும்போது இருபத்துநான்கு பைட்டு. இங்கிலீஷில் அதே ஊரின் பெயர் எழுத்தும் எட்டு, பைட்டும் எட்டு. இவற்றில் எந்தக் கணக்கில் 72 எண்ணுவது? அன்றியும், தமிழில் 'ர'வின் அகலம் வேறு, 'ணை'யின் அகலம் வேறு. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள தட்டச்சு யந்திரத்திற்காக ஏற்பட்ட அளவுகோலைக் கொண்டு தமிழ் வரியை அளப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் காலுக்கு எடுத்த அளவில் தமக்குச் செருப்புத் தைத்துக்கொள்ளுகிறார். இவ்வளவுக்கும் தமிழில் எழுதப்பட்ட கடிதத்திற்கே, "வரி நீளம், மடித்து எழுதவும்" என்று ஒருவர் இங்கிலீஷில் பதில் எழுதியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

எழுத்தின் உருவத்தையே காரணம் கேட்டு மாற்றிய சரித்திரம் நமக்கு உண்டு. 1935 ஜனவரியில் 'குடிஅரசு' பத்திரிகை ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட ஆரம்பித்தபோது சொல்லப்பட்ட நியாயம் என்ன? கற்கிறவனுக்குச் சுலபம், அச்சுக் கோர்க்கிறவனுக்குச் சுலபம் என்பதுதான். தமிழின் தெய்வீகம் கெட்டது என்று கூச்சலிட்ட பண்டிதர்களும் இருந்தார்கள். 1978 அக்டோபரில் அரசாங்கமே அதை உத்தரவாய்ப் போட நாற்பத்துமூன்று வருஷம் பிடித்தது. இன்று பழைய கொம்பு போட்ட 'லை'யை எழுதிக் காட்டினால் பிள்ளைகள் என்னவென்று கேட்கிறார்கள். உருவம் மனிதனுக்காக, மனிதன் உருவத்திற்காக அல்ல என்பதை அன்று ஒப்புக்கொண்ட நாம், 1928-ம் வருஷத்து அட்டைக்கு மாத்திரம் ஏன் அடிமை செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, "விதியெல்லாம் மேட்டுக்குடியார் சூழ்ச்சி, நான் இஷ்டப்படிதான் எழுதுவேன்" என்று கிளம்புகிற தோழர்களையும் நாம் ஆதரிக்க முடியாது. ஒருவர் எழுதுகிறார், ஐந்நூறு பேர் படிக்கிறார்கள். எழுதுகிறவர் தமக்கு அரை நிமிஷம் மிச்சமென்று வெட்டாமல் விட்டால், ஐந்நூறு பேரிடம் தலைக்கு அரை நிமிஷம் திருடுகிறார் என்றுதானே அர்த்தம்? பல நாள் கடிதங்களை ஒன்றாய்க் கட்டி அனுப்பும் தொகுப்புக்குப் பதில் எழுதப் போய், அந்த முழு மூட்டையையும் சேர்த்தனுப்பி, தலைப்பிலும் "தொகுப்பு இத்தனாவது எண்" என்று வைத்துவிட்டால் எந்த மனிதன் எதைக் கண்டுபிடிப்பான்? கம்பெனி விலாசத்திலிருந்து எழுதுகிறவர்கள் கூத்து இதைவிட வேடிக்கை. ஒன்றரை வரிக் கேள்விக்கு அடியில், "இக்கடிதம் பரம ரகசியமானது, தங்களுக்கு உரியதல்லவென்றால் உடனே அழித்துவிடவும்" என்று பத்து வரி எச்சரிக்கை தானாகவே ஒட்டிக்கொண்டு, உலகமெல்லாம் படிக்கும் இடத்தில் வந்து விழுகிறது. தண்டோராப் போட்டுக்கொண்டே, "யாரும் காது கொடுக்காதீர்கள்" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நமது பாட்டன்மார் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார்கள். இவர்கள் அடியில் வக்கீல் சுழி போடுகிறார்கள். போட்டவர்களுக்குப் பிரயோஜனம் இரண்டிலும் ஒன்றே.

கடித உருவம் எல்லாமே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. மஞ்சள் தடவிய கடிதம் வந்தால் கல்யாணம் என்றும், ஓரத்தில் கறுப்புத் தடவிய கார்டு வந்தால் சாவு என்றும் படிக்கத் தெரியாத கிழவிக்கும் விளங்கிற்று. அந்த உருவம் வேலை செய்தது. "மகாராஜராஜஸ்ரீ" என்ற அடைமொழி வேலை செய்யவில்லை, உயர்வு தாழ்வைக் காட்டுவது தவிர அதற்கு வேலையில்லை, அது தொலைந்தது. மின்னஞ்சல் விதிகளையும் இந்தத் தராசில் போட்டால் போதும். வெட்டி எழுதுவது வேலை செய்கிறது. பல கேள்விகளுக்கு அந்தந்தக் கேள்வியின் அடியில் பதில் எழுதுவது வேலை செய்கிறது. ஒரே வரிப் பதில் மேலே இருந்தால் என்ன கெட்டது என்பதற்கு நமக்கு இதுவரை யாரும் சமாதானம் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் நாம் எழுதுவதற்குக் காரணமான ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் மேற்குத் தாம்பரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான். தகப்பனார் சண்முகம் ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிப்பவர். அந்தக் குடும்பத்தில் பனிரெண்டாவது வகுப்புத் தாண்டிய முதல் ஆள் அவன்தான். 2011-ல் ஆரம்பித்த திட்டத்தின்படி சர்க்கார் கொடுத்த இலவச லேப்டாப் அவனுக்கும் கிடைத்தது. அதில் லினக்ஸ் போட்டுப் பார்த்தான். எல்லாம் நடந்தது, கம்பியில்லா இணைப்பு மாத்திரம் நடக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டு ஒரு குழுவுக்குக் கைப்பேசியிலிருந்து கடிதம் எழுதினான். தலைப்பு "ஹெல்ப்". தமிழும் இங்கிலீஷும் கலந்த நாலு வரி. "ப்ளீஸ் சார்" என்று முடித்திருந்தான்.

அன்று மாலைக்குள் ஏழு பதில் வந்தது. ஒருவர், ஹெச்.டி.எம்.எல். கூடாது என்றார். ஒருவர், தலைப்பு சரியில்லை என்றார். ஒருவர், விதிகளைப் படித்துவிட்டு வா என்றார். ஒருவர், எரிக் ரேமண்ட் 2001-ல் எழுதிய, கேள்வி கேட்பது எப்படி என்னும் நீண்ட இங்கிலீஷ்க் கட்டுரையின் விலாசத்தை மாத்திரம், ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பினார். பையன் பயந்துபோய், "ஸாரி சார், இனி செய்யமாட்டேன்" என்று பதில் எழுதினான். அதையும் மேலே எழுதிவிட்டான்! உடனே அதற்கு இரண்டு பேர், "மேலே எழுதாதே." பிறகு அந்தப் பெரியவர்களுக்குள்ளேயே, புதியவனை இப்படி விரட்டலாமா என்று ஒருவரும், விரட்டாமல் எப்படிக் கற்பான் என்று மற்றவரும் மூன்று நாள் வாதித்தார்கள். வாதம் வெகு ஒழுங்காய், 72 எழுத்துக்குள், கீழே கீழேயாய் நடந்தது. பையன் போய்விட்டான் என்பதைக் கவனித்தவர்கள் யாருமில்லை.

இதை நாம் தீண்டாமையோடு ஒப்பிட மாட்டோம். அதை அனுபவித்தவர்களுக்கு அது அவமானம். ஆனால் ஆசாரக்காரன் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. வாசலில் வந்தவன் என்ன கேட்கிறான் என்பதைக் காதில் வாங்குமுன், கால் கழுவினாயா என்று கேட்பது அந்தப் புத்தி. இது நம்மூருக்கு மாத்திரம் உரியதுமல்ல. அமெரிக்காவிலும் வருஷா வருஷம் செப்டம்பரில் புதிதாய்ச் சர்வகலாசாலையில் சேர்ந்த பிள்ளைகள் யூஸ்நெட் என்னும் பொதுமேடைக்குள் வந்து "ஒழுங்கைக் கெடுப்பார்கள்". 1993-க்குப் பிறகு பணம் கட்டிய பொதுஜனங்களெல்லாம் வர ஆரம்பித்தவுடன், பழைய ஆட்கள் அதற்கு "முடிவில்லாத செப்டம்பர்" என்று பெயர் வைத்துப் புலம்பினார்கள். கதவு திறந்ததற்கு அழுதவர்கள் அவர்கள்.

கதவைச் சாத்தினால் வந்தவன் சும்மா இருக்கிறானா என்றால், இல்லை. அவன் வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் போகிறான். அங்கே மேலுமில்லை, கீழுமில்லை; பதில் உடனே கிடைக்கிறது. மறுநாள் அது எங்கே என்று தேடினால் ஆயிரம் காலை வணக்கத்திற்கு அடியில் கிடக்கும். பழைய மின்னஞ்சல் குழுக்களின் கடிதங்களோ, இருபது வருஷத்திற்கு முன் எழுதியவையும் தேடினால் கிடைப்பவை. எவன் வேண்டுமானாலும் அனுமதி கேளாமல் படிக்கக்கூடியவை. விதி காப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு, விதி எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பொதுச் சொத்தையே ஆளில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நமது வருத்தம்.

குழு நடத்தும் தோழர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தையும் எழுதட்டும். காரணம் எழுத முடியாத விதியை அடித்துவிடட்டும். புதிதாய் வருகிறவனுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு முறையைத் தனிக் கடிதத்தில் சொல்லட்டும். ஊர் முன்னால் சொல்ல வேண்டாம்.

அந்தப் பையனை ஒரு வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தோம். லேப்டாப்பில் மறுபடியும் விண்டோஸே போட்டுவிட்டதாகச் சொன்னான். அவன் கேட்ட கேள்விக்கு வேண்டியிருந்த பதில் இரண்டு வரிதான்: உள்ளேயிருக்கும் கம்பியில்லாச் சில்லு எந்தக் கம்பெனியுடையது என்று பார், ஒரு வயரைச் செருகி அதற்குரிய ஃபர்ம்வேர் பொதியை இறக்கிப் போடு. அந்தக் குழுவின் பழைய கடிதங்களில் நாம் தேடிப் பார்த்தோம். ஏழு பதிலும் அப்படியே இருக்கின்றன. இந்த இரண்டு வரி இல்லை.